இங்கிலீஷ் தெரிந்தால் ஜேர்மன் பாதி முடிந்ததா? நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை ஜேர்மன் கிளாஸுக்கு அனுப்பியிருக்கிற பெற்றோர் கட்டாயம் வாசியுங்கள். மற்றவர்கள் சிரிப்பதற்காக வாசிக்கலாம், சிரிக்க இதில் நிறையவே இருக்கிறது.

போன கிழமை அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால், முன்பு என்னிடம் படித்த ஒரு பிள்ளை அவளுடைய உம்மாவோடு வந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள். ஏ.எல். முடித்துவிட்டு எட்டு மாதமாக ஜேர்மன் படிக்கிறாள். தாதியர் பயிற்சிக்கு ஜேர்மனி போவதுதான் அவளுடைய திட்டம். ஓ.எல்.லில் இங்கிலீஷுக்கு ஏ எடுத்தவள். அவளைப் பற்றி நான் மேடையிலேயே பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். கிளாஸில் நேர்முகப் பரீட்சைக்கு ஒத்திகை வைத்திருக்கிறார்கள். "நீங்கள் என்ன ஆக விரும்புகிறீர்கள்?" என்று கேள்வி. இவள் எழும்பி, நெஞ்சை நிமிர்த்தி, ஜேர்மனில் சொல்லியிருக்கிறாள்: "இஹ் வில் ஐன கிராங்கன்ஷ்வெஸ்டர் பெகொமன்."

அவள் மனதில் ஓடியது இங்கிலீஷ். "ஐ வில் பிகம் எ நேர்ஸ்." நான் நேர்ஸாக வருவேன். வில்லுக்கு வில், பிகமுக்கு பெகொமன். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

ஆனால் ஜேர்மன்காரரின் காதில் விழுவது வேறு: "எனக்கு ஒரு நேர்ஸ் வேண்டும், வந்து கிடைக்கட்டும்." கிளாஸே சிரித்திருக்கிறது. படிப்பிக்கிறவரும் சும்மா இருக்காமல், "நீங்க வார்டில் வேலை செய்யப் போறீங்களா, அட்மிட் ஆகப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"சேர், நான் இனி அந்தக் கிளாஸுக்குப் போகல்ல. வெக்கமாப் போச்சி" என்றாள். அதோடு நிறுத்தவில்லை. "நீங்கதானே சேர் சொன்னீங்க, இங்கிலீஷ் தெரிஞ்சா ஜேர்மன் பாதி முடிஞ்ச மாதிரி எண்டு?"

சொன்னேன். ஒரு முறை அல்ல, பல முறை சொல்லியிருக்கிறேன். இருபது வருடமாக இங்கிலீஷ் படிப்பிக்கிற வாய் வேறு எதைச் சொல்லும்? நானும் கம்பஸ் காலத்தில் கொழும்பில் கொஞ்சம் ஜேர்மன் படித்துவிட்டுப் பாதியில் விட்டவன். இதே குழியில் நானும் விழுந்தவன்தான். ஆனால் விழுந்ததை மறந்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வழி காட்டியிருக்கிறேன். அந்த வார்த்தையை வாபஸ் வாங்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த ஒரு வசனத்தைப் பார்ப்போம். "வில்" என்பது ஜேர்மனில் எதிர்காலத்தைக் காட்டும் சொல் அல்ல. "எனக்கு வேணும்" என்று அடம்பிடிக்கிற சொல். நேர்முகத்தில் அதைச் சொன்னால் மரியாதைக் குறைவாகக்கூடப் படலாம். "பெகொமன்" என்றால் கிடைத்தல், பெறுதல். இங்கிலீஷின் "பிகம்" என்ற கருத்துக்கு அவர்களிடம் இருக்கும் சொல் "வேர்டன்". வேடிக்கை என்னவென்றால், எதிர்காலம் சொல்லவும் அதே "வேர்டன்"தான். ஆக, அவள் மனதில் இருந்த "வில்", "பிகம்" இரண்டுக்கும் அங்கே ஒரே சொல். அவள் சொன்ன வசனத்திலோ அந்தச் சொல் மட்டும் இல்லை.

பிகமும் பெகொமனும் ஒரே வேரில் பிறந்தவை. "வந்து சேர்" என்ற பழைய கருத்திலிருந்து ஒன்று "ஆகு" என்று போனது, மற்றது "கிடை" என்று போனது. ஒரு வாப்பாவின் இரண்டு மகன்மார் மாதிரி, முகம் ஒன்று, குணம் வேறு. நானாவிடம் கொடுத்த கடனைத் தம்பியிடம் கேட்டால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

இப்படிப்பட்ட சொற்கள் ஒன்றிரண்டு அல்ல. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது "கிஃப்ட்". எழுத்தும் இங்கிலீஷ் எழுத்து, உச்சரிப்பும் அதே உச்சரிப்பு. ஜேர்மனில் அர்த்தம் நஞ்சு! கழிவறை கழுவும் மருந்துப் போத்தலில் கிஃப்ட் என்று போட்டிருந்தால், பெருநாளுக்கு இலவசமாக ஏதோ தருகிறார்கள் என்று நினைத்துத் திறந்துவிடாதீர்கள்.

இது எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தால் சுவையாக இருக்கிறது. ஜேர்மனிலும் அந்தச் சொல்லுக்கு முதலில் "கொடுப்பது" என்றுதான் அர்த்தம். பிறகு மருந்து ஒரு வேளைக்குக் கொடுக்கும் அளவையும் அப்படிச் சொன்னார்கள். பிறகு நஞ்சைப் பச்சையாகச் சொல்லக் கூசி, "கொடுத்தது" என்று நாசூக்காகச் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் நாசூக்கு மறைந்து நஞ்சு மட்டும் மிஞ்சியது. நாம் செய்யாததா? நம்ம ஊரில் "அவன் மருந்து குடிச்சிட்டான்" என்று யாராவது ஓடி வந்து சொன்னால், பனடோல் குடித்தான் என்றா விளங்கிக்கொள்கிறோம்?

கிஃப்டின் பழைய நல்ல அர்த்தம் ஜேர்மனில் ஒரு சொல்லில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. "மிட்கிஃப்ட்." மிட் என்றால் "கூட". பெண்ணோடு கூடக் கொடுத்து அனுப்புவது. ஆமாம், சீதனம்! இன்று அந்தச் சொல்லைப் பிரித்துப் படிக்கிற பிள்ளைக்கு "கூடவே வரும் நஞ்சு" என்றுதான் தெரியும். இன்னும் கேளுங்கள்: பழைய ஆங்கிலத்தில் இதே கிஃப்ட் என்ற சொல்லுக்கு, மாப்பிள்ளை பெண்ணுக்காகக் கொடுப்பது என்று அர்த்தம் இருந்திருக்கிறது. ஒரே சொல், ஒரு பக்கம் மாப்பிள்ளை கொடுப்பது, மறு பக்கம் பெண் வீட்டார் கொடுப்பது, நடுவில் நஞ்சு. நம்ம ஊர் கலியாணப் பேச்சுக்களை நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் சொல்லவில்லை, பதிவு திசை மாறிவிடும்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். வைத்தியசாலையில் வேலை செய்யப் போகிற பிள்ளைக்கு இதில் ஆபத்தும் இருக்கிறது. "நோட்" என்ற சொல்லைப் பாருங்கள். எழுத்தில் இங்கிலீஷின் "நொட்", அதாவது "இல்லை" என்பது போலவே இருக்கும். ஜேர்மனில் அது அவசரம், ஆபத்து, இக்கட்டு. கதவில் "நோட்டவுஸ்காங்" என்று எழுதியிருந்தால், "இது வெளியே போகும் வழி இல்லை" என்று நம்ம பிள்ளை திரும்பி வருவான். உண்மையில் தீ பிடித்தால் ஓட வேண்டிய கதவு அதுதான்! "நோட்டார்ட்ஸ்ட்" என்றால் டொக்டர் இல்லை என்பதல்ல, அவசர சிகிச்சைக்கு வரும் டொக்டர். "நோட்டவுஃப்நாம" என்றால் அனுமதி இல்லை என்பதல்ல, அவசர சிகிச்சைப் பிரிவு. இந்த மூன்றையும் அந்தப் பிள்ளையின் கொப்பியில் சிவப்புப் பேனையால் நானே எழுதிக் கொடுத்தேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். "ஹெல்" என்றால் நரகம் அல்ல, வெளிச்சம். "பால்ட்" என்றால் வழுக்கை அல்ல, சீக்கிரம். "ஃபாஸ்ட்" என்றால் வேகம் அல்ல, கிட்டத்தட்ட. "ராட்" எழுத்தில் எலி, அர்த்தத்தில் ஆலோசனை. நகர மண்டபத்துக்குப் பெயர் "ராட்ஹவுஸ்" (எங்கள் பக்கத்துச் சில சபைகளுக்கு இங்கிலீஷ் அர்த்தமே பொருந்தும் என்று நண்பர் ஒருவர் சொன்னார், நான் சொல்லவில்லை). "ப்ரீஃப்" என்றால் சுருக்கம் அல்ல, கடிதம். "ஷெஃப்" சமையல்காரர் அல்ல, முதலாளி. "கிம்னாசியும்" போனால் பாரம் தூக்க ஏலாது, அது பல்கலைக்கழகம் போக ஆயத்தப்படுத்தும் பள்ளிக்கூடம். "மிஸ்ட்" பனிமூட்டம் அல்ல, சாணம். "ஹன்டி" இருக்கிறதே, அது இங்கிலீஷ் மாதிரி நடிக்கிற சொல். கையடக்கத் தொலைபேசிக்கு ஜேர்மன்காரர் வைத்த பெயர். இங்கிலாந்தில் யாரிடமாவது "உங்கள் ஹன்டி எங்கே" என்று கேட்டால் முழிப்பார்கள்.

நெடுஞ்சாலையில் வெளியேறும் இடமெல்லாம் "அவுஸ்ஃபார்ட்" என்று பெரிய பலகை இருக்கும். அதன் கடைசிப் பாதியை இங்கிலீஷில் வாசித்தால் என்ன வரும் என்று பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிரயாணம் நல்லபடி அமையட்டும் என்று வாழ்த்துவதற்கும் அதே சொல்தான். இங்கிலீஷ்காரர் இதற்கு எத்தனை வருடமாகச் சிரிக்கிறார்கள்!

இனி நம்ம பிள்ளைகள் வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிற வீடியோக்களுக்கு வருகிறேன். எல்லா மொழிக்காரரும் வண்ணத்துப்பூச்சியை அவரவர் மொழியில் மென்மையாகச் சொல்வார்கள். கடைசியில் ஜேர்மன்காரர் வந்து "ஷ்மெட்டர்லிங்!" என்று கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த நகைச்சுவையை உண்டாக்கியவர்களின் சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். "பட்டர்ஃபிளை" என்றால் வெண்ணெய் ஈ. ஜேர்மன் சொல்லின் அடியிலும் பாலாடையைக் குறிக்கும் ஒரு பழைய சொல்தான் இருக்கிறது. வெண்ணெயை வைத்தவர் பாலாடையை வைத்தவரைப் பார்த்துச் சிரிக்கிறார். கத்திச் சொன்னால் எந்த மொழியும் சண்டை மாதிரித்தான் கேட்கும். மீன் சந்தையில் நம்ம தமிழைக் கேட்டுப் பாருங்கள்.

நீளமான சொற்கள் இன்னொரு பகிடி. மெக்லென்பேர்க்-ஃபோர்பொமேர்ன் மாநிலத்தில் 1999இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் ஒரே சொல், 63 எழுத்து! 2013இல் அந்தச் சட்டத்தை நீக்கியபோது சொல்லும் போய்விட்டதென்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. தமிழில் அதைச் சொல்லிப் பார்ப்போமா? மாட்டிறைச்சிச்சுட்டியிடல்மேற்பார்வைக்கடமைக்கையளிப்புச்சட்டம். வலயக் கல்வி அலுவலகத்துச் சுற்றுநிருபம் வாசித்துப் பழகிய எனக்கு இது ஒரு சொல்லாகவே படவில்லை. நம்மவர்கள் நடுவில் இடைவெளி விடுகிறார்கள், அவர்கள் விடுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சொற்களைப் பிரித்தால் உள்ளே இருப்பது சின்னப் பிள்ளையின் பேச்சு. கையுறைக்கு "கைச்சப்பாத்து". பிரிட்ஜுக்கு "குளிர் அலுமாரி". ஆமைக்கு "கேடயத் தேரை". மின்குமிழுக்கு "ஒளிரும் பெயார்ஸ்". வைத்தியசாலை "நோயாளிகளின் வீடு", நேர்ஸ் "நோயாளிகளின் சகோதரி". நாமும் வார்டில் "சிஸ்டர்" என்றுதானே கூப்பிடுகிறோம். (2020இலிருந்து அங்கே பயிற்சி முடிக்கிறவர்களுக்குச் சட்டப்படி வேறு பதவிப் பெயர் வந்துவிட்டது. பிள்ளைகள் கிளாஸில் அதைக் கேட்டுப் படித்துக்கொள்ளுங்கள். பழைய பெயரும் வாயில் புழங்கத்தான் செய்கிறது.) டீவிக்கு அவர்கள் வைத்த பெயரைப் பிரித்தால் தூரம், பார்த்தல். தொலைக்காட்சி! இங்கிலீஷில் "டெலிவிஷன்" என்று படித்தால் கிரேக்கமும் லத்தீனும் தெரிந்தவனுக்கு மட்டும்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். தமிழ்ப் பிள்ளைக்கு ஜேர்மன் சொல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது.

இங்கேதான் என்னுடைய உண்மையான மனக்குறை. நம்ம பக்கத்தில் அநேகமான கிளாஸ்களில் ஜேர்மனை இங்கிலீஷ் வழியாகத்தான் படிப்பிக்கிறார்கள். கொப்பியைத் திறந்தால் இடது பக்கம் ஜேர்மன், வலது பக்கம் இங்கிலீஷ். தமிழ் எங்கேயும் இல்லை. தமிழில் எழுதினால் மதிப்பில்லை என்று நினைக்கிறார்களோ என்னவோ. இதனால் இங்கிலீஷ்காரருக்கு ஜேர்மனில் இருக்கிற கஷ்டமெல்லாம் நம்ம பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொள்கிறது. அது நமக்கு உரிய கஷ்டமே அல்ல.

இங்கிலீஷ்காரருக்கு ஆகவே ஆகாத விஷயங்கள் சில உண்டு. இருபத்தேழு என்பதை ஜேர்மனில் "ஏழும் இருபதும்" என்று சொல்ல வேண்டும். எழுதும்போது பேனை தடுமாறும், 27 என்பதற்கு 72 என்று போட்டுவிடுவார்கள். மருந்தின் அளவில் அப்படி மாறினால் என்ன ஆகும்? ஆனால் மத்ரஸாவில் அரபு எண்கள் படித்த பிள்ளைக்கு இதில் என்ன புதுமை? "ஸப்அதுன் வஇஷ்ரூன்" என்றுதானே படித்தோம்? ஏழும் இருபதும். அச்சாக அதே ஒழுங்கு. இதை ஒரு கிளாஸிலாவது சொல்லிக் கொடுத்திருப்பார்களா?

ஜேர்மனில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண், பெண், இரண்டுமற்றது என்று பிரிவு இருக்கிறது. கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880இல் ஜேர்மன் மொழியைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரையே எழுதினார். குமரிப் பெண்ணுக்குப் பால் இல்லை, கிழங்குக்கு இருக்கிறதே என்று அதில் அங்கலாய்த்திருக்கிறார். அவர் எழுதியது நியாயம்தான், ஆனால் அரபியில் "ஷம்ஸ்" பெண், "கமர்" ஆண் என்று படித்த நமக்கு இது அதிர்ச்சியா? ஜேர்மனிலும் சூரியன் பெண், சந்திரன் ஆண். இதற்காக முள்ளுக்கரண்டி ஏன் பெண் என்று என்னிடம் காரணம் கேட்காதீர்கள். காரணம் கிடையாது, பாடமாக்கத்தான் வேண்டும்.

வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வருகிறதாம், அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறதாம். இங்கிலீஷ்காரரின் நெடுநாள் முறைப்பாடு இது. "ஏனென்றால்" என்று தொடங்கும் வசனத்தில் ஜேர்மன்காரர் "நான் நேற்று சுகமில்லாமல் இருந்தேன்" என்ற ஒழுங்கில்தான் சொல்லுவார். அது நாம் பிறந்ததிலிருந்து பேசுகிற ஒழுங்கு. அந்தப் பிள்ளையோ அதைத் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றி, இங்கிலீஷிலிருந்து திருப்பி ஜேர்மனுக்கு மாற்றுகிறாள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கடைக்குக் கொழும்பு சுற்றிப் போகிற மாதிரி.

நேரம் சொல்வதும் அப்படித்தான். "ஹல்ப் ட்ரை" என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் அரை, மூன்று. இங்கிலாந்தில் பேச்சுவழக்கில் அப்படிச் சொன்னால் மூன்றரை. ஜேர்மனில் அது இரண்டரை, மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்ற கணக்கு. இங்கிலீஷை நம்பிப் போனால் வேலைக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போய் நிற்பீர்கள். இதில் தமிழும் உதவாது, அரபியும் உதவாது. ஆனால் கொப்பியில் "ஹல்ப் ட்ரை = இரண்டரை" என்று நேராக எழுதினால் குழப்பம் ஏது?

எல்லோரையும் சமமாக வதைக்கிற சொற்களும் உண்டு. "உம்ஃபாரன்" என்று ஒன்று. பின்பகுதியை அழுத்திச் சொன்னால், ஒருவரில் முட்டாமல் சுற்றிப் போவது. முன்பகுதியை அழுத்திச் சொன்னால், அவரை அடித்து வீழ்த்திவிட்டுப் போவது. அழுத்தம் மாறினால் ஆளே போய்விடுவார்! இதற்கு நான் ஒரு பரிகாரமும் சொல்ல முடியாது. நடந்து போங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பேசினால் அநியாயம். இங்கிலீஷ் உதவவே உதவாது என்று நான் சொல்லவில்லை. கை, விரல், வீடு, தண்ணீர், புத்தகம் எல்லாம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே சொற்கள். இங்கிலீஷில் "ட" ஒலி வரும் பல இடங்களில் ஜேர்மனில் "ஸ" அல்லது "ட்ஸ" வரும். வாட்டர் வஸ்ஸர் ஆகும், டென் ட்ஸேன் ஆகும். இங்கிலீஷின் "ப" பல இடங்களில் "ஃப" ஆகும், ஷிப் ஷிஃப் ஆகும். இந்த இரண்டைப் பிடித்துக்கொண்டால் நூறு சொல்லுக்காவது உதவும். கிண்டர்கார்டன் என்ற சொல்லையே 1840இல் ஃபிரோபல் என்ற ஜேர்மன் ஆசிரியர்தான் உருவாக்கினார், இங்கிலீஷ்காரர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். "கின்ட்" என்றால் பிள்ளை. இங்கிலீஷில் வாசித்தால் அன்பான ஆள். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை.

தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவோம், ஆளிடம் கேட்போம். தெரிந்த முகத்தோடு வருகிற சொல்லைத்தான் யாரும் சோதிப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் குறைவாக இருந்திருந்தால், பெகொமன் என்ற சொல்லை ஒரு முறை தேடிப் பார்த்திருப்பாள்.

படிப்பிக்கிறவர்களிடம் மரியாதையோடு ஒரு வேண்டுகோள். கொப்பியில் மூன்றாவது கோடு ஒன்று போட்டுத் தமிழையும் எழுதவிடுங்கள். இங்கிலீஷோடு முகம் ஒத்துப்போய் அர்த்தம் மாறுகிற சொற்களை முதல் மாதத்திலேயே தனியாக எடுத்துப் படிப்பியுங்கள். பெற்றோர் இதைக் கேட்டு வாங்க வேண்டும். தாதியர் வேலைக்குப் பொதுவாக பி2 மட்டம் கேட்கிறார்கள். அதுவரை போவதற்குள் எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் காசுக்கு ஒரு கோடு கூடுதலாகப் போடுவது பெரிய விஷயமா?

பிள்ளை போன சனிக்கிழமை திரும்பக் கிளாஸுக்குப் போயிருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். இரவு எனக்கு ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தாள். முதலில் நிறுத்தி நிதானமாக ஜேர்மனில், "இஹ் மொஹ்ட கிராங்கன்ஷ்வெஸ்டர் வேர்டன்." நான் தாதியாக வர விரும்புகிறேன். சரியான வசனம். பிறகு சிரித்துக்கொண்டே தமிழில், "சேர், பாஸ் பண்ணினா கிஃப்ட் தாறேன் எண்டு முந்தி ஒருக்காச் சொன்னீங்க. அது வேணாம்."